பேராசிரியர் கையில் ஃபோன்: பத்துபஸ்தி சாப்பாட்டு மேஜைக் குறிப்புகள்

மாவு புளிக்காமலிருக்க, மழைக்காலத்தில் உப்பு கசியாமலிருக்க என்று குறிப்பு எழுதுகிறவளிடம் இந்த முறை வேறு சரக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்த கையோடு, என்னுடன் கல்லூரியில் வேலை பார்க்கும் நாலைந்து பேர் அந்தமானில் எங்கள் பத்துபஸ்தி வீட்டுக்கு ஃபோனும் நோட்டுமாக வந்துவிடுவார்கள். வாட்ஸ்அப், யூடியூப், விக்கிப்பீடியா இவற்றை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்பதுதான் பேச்சு. அதில் தேறியதும் தேறாததும் கீழே.

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். 1985-இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் லட்சத்தீவும் அந்தமான் நிக்கோபாரும் சேர்த்தி. பல்கலைக்கழகம் கடலுக்கு அந்தப் பக்கம், வகுப்பறை இந்தப் பக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 1987 முதல் ஏற்படுத்திய அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களில் மூன்று வாரம், நான்கு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் பதவி உயர்வு என்று இருந்த காலத்தில், தீவு ஆசிரியருக்குக் கப்பல் பயணமும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி மாதிரி. அந்த மையங்களுக்கு 2023-இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்று பெயர் மாறியது. இப்போது பயிற்சி இணையவழியிலும் நடக்கிறது. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கி.மீ. கேபிள் இழுத்து, 1,224 கோடி ரூபாய் செலவில், 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்தார்கள். அதற்கு முன் தீவு முழுக்க செயற்கைக்கோளை நம்பித்தான் நெட். ஆக கேபிள் வந்தது, பயிற்சி வந்தது, சான்றிதழும் வந்து ஃபைலில் உட்கார்ந்தது. வகுப்பறை மட்டும் பழையபடி. அதற்கு என்ன காரணம் என்று நான் நினைக்கிறேனோ, அதுவே முதல் குறிப்பு.

1. பயிற்சியின் முதல் நாள் எந்த ஆப்பையும் திறக்காதீர்கள். வந்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "வருஷா வருஷம் பிள்ளைங்க மண்டையில ஏறாத பாடம் எது?" வணிகவியல் மேடம் ஒருவர் யோசிக்காமல் சொன்னார், "வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்." அப்புறம்தான் ஃபோனை எடுத்தோம். வங்கிப் பாஸ்புக்கின் ஒரு பக்கம் போலத் தாளில் எழுதி, படம் பிடித்து, வகுப்புக் குரூப்பில் போட்டு, "போட்ட காசோலை இன்னும் வரவாகலை, கூட்டணுமா கழிக்கணுமா?" என்று வாக்கெடுப்பு வைத்தார். பாதிப் பேர் தப்பாக விழுந்தார்கள். மறுநாள் வகுப்பை அங்கிருந்தே தொடங்கினார். வாக்கெடுப்பு வைக்கத் தெரிந்துகொள்ள அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. "இன்று வாக்கெடுப்பு வசதி பற்றிப் பார்ப்போம்" என்று ஆரம்பித்திருந்தால் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், திங்கட்கிழமை மறந்தும் போயிருக்கும்.

2. ஒரு துண்டுத் தாளில் "கடைசி ஃபோன்" என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்களுக்குக் கடைசி ஃபோன் என்பது கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் அண்ணன் தங்கை மூன்று பேருக்குப் பொதுவாக இருக்கும் ஒரு ஃபோன், அதுவும் திரை கீறியது. கேபிள் ஸ்வராஜ் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று இறங்கியிருக்கிறது, வாஸ்தவம். இறங்கின இடத்துக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் நடுவில் டவர், மழை, கரண்ட், ரீசார்ஜ் என்று நாலு பேர் வழிமறிக்கிறார்கள். என்ன திட்டம் போட்டாலும் அந்த ஃபோனில் திறக்குமா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலை. மேஜையில் இந்தக் கேள்வியை யாராவது மறந்தால் அடுத்த வாரம் அவர்தான் வடை கொண்டுவர வேண்டும்.

3. அரிசியை ஆழாக்கில் அளப்பதுபோல டேட்டாவை அளக்கப் பழக்குங்கள். பத்து நிமிடக் குரல் பதிவு ஓரிரண்டு எம்பியில் முடிந்துவிடும். அதே பத்து நிமிடம் வீடியோவானால் பல பத்து எம்பி. நேரலை வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் நூற்றுக்கணக்கில் போகும். முகம் தெரிந்தே ஆக வேண்டிய பாடம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ரொம்பக் குறைவு. கரும்பலகையை ஒரு படம், விளக்கத்தை ஒரு குரல் பதிவு. பெரும்பாலும் இதுவே போதும்.

4. வீடியோ எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஆறேழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "வீடியோவை நிறுத்து, நோட்டுல எழுது, அப்புறம் பார்" என்று சொல்லுங்கள். இது என் கண்டுபிடிப்பில்லை. மும்பை ஐஐடி கல்லூரி ஆசிரியருக்கென்று நடத்திய இணையவழிப் பயிற்சிகளில் இப்படி நிறுத்தி யோசிக்கவைக்கும் இடத்தை வீடியோவுக்குள்ளேயே வைக்கச் சொல்லித்தந்தார்கள். அதற்கும் முன்பு, பத்தாயிரம் ஆசிரியரைப் பழக்குவது என்று அதே நிறுவனம் தொடங்கிய திட்டத்தில், அம்ரிதா பல்கலைக்கழகத்தின் ஏ-வியூ மென்பொருள் வழியாக மும்பையிலிருந்து நாடெங்கும் உள்ள மையங்களுக்கு நேரலையில் பயிற்சி போனது. நேரலைக்கு நல்ல லைன் வேண்டும். நிறுத்தி எழுது என்பதற்கு லைனே வேண்டாம்.

5. கணினியில் ஏதாவது புதிதாகக் கற்கும்போது திரையைப் பாதியாகப் பிரியுங்கள்: இடது பக்கம் பாட வீடியோ, வலது பக்கம் நீங்கள் செய்துபார்க்கும் மென்பொருள். மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா நடத்திய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தின் முறை இதுதான். ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிடம், தமிழ்க் குரலிலும் நிறைய உண்டு. இறக்கிவைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் பார்க்கலாம். கோலப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு வாசலில் கோலம் போடுவதில்லையா? அதேதான்.

6. பழக்குகிறவருக்கு ஒரே கட்டளை: அடுத்தவர் ஃபோனை வாங்காதீர்கள்.

நான் செய்த தப்பு இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். இயற்பியல் சார் ஒருவர், ரிட்டயராக இரண்டு வருஷம். யூடியூபில் தன் பாடத்தை ஏற்ற வேண்டும் என்றார். "இப்படிக் குடுங்க சார்" என்று வாங்கி, டக்டக்கென்று ஏற்றிக் கொடுத்துவிட்டேன். ரொம்ப சந்தோஷமாகப் போனார். அடுத்த ஞாயிறு இரண்டாவது வீடியோவோடு வந்து, முதல் வாரம் போலவே ஃபோனை என் பக்கம் நீட்டினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்று வாரத்தில் நான் அவருக்கு ஆபரேட்டர் ஆனதுதான் மிச்சம், அவர் ஒன்றும் கற்கவில்லை. நாலாவது வாரம் இரண்டு கையிலும் கோதுமை மாவைப் பிசைந்துகொண்டே, "சார், கையில மாவு. நான் சொல்றேன், நீங்களே அழுத்துங்க" என்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை, "இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா" என்று எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். இப்போது அவர்தான் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஆகையால் பழக்க உட்காரும்போது கையில் மாவோ, உரிக்க வெங்காயமோ, பின்ன நூலோ வைத்துக்கொள்ளுங்கள்.

7. படியெல்லாம் கைப்பட நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அவரவர் வார்த்தையில். "மூணு புள்ளி, அப்புறம் பல்சக்கரம், அப்புறம் கீழே போ" என்று எழுதினாலும் சரியே. அச்சடித்த கையேடு அலமாரிக்குப் போகும். இந்த நோட்டுத்தான் கைப்பைக்குள் இருக்கும்.

8. யூடியூபில் ஏற்றும்போது "அன்லிஸ்டட்" என்று வையுங்கள். லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம், தேடுகிறவர் கண்ணில் படாது. புதிதாகக் கற்கும் ஆசிரியருக்கு இந்தச் சின்ன மறைவு பெரிய தைரியம்.

9. குரூப் தொடங்கினால் தொடங்கிய அன்றே மூன்று வரி எழுதிப் பின் செய்துவிடுங்கள்: இது எதற்கு, எத்தனை மணிவரை, யார் என்ன போடலாம். எங்கள் குரூப்பில் ராத்திரி எட்டுக்கு மேல் அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றிவிடுவோம். இந்தத் தீவில் டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. எட்டு மணி என்பது மெயின்லேண்ட்காரர் நினைப்பதைவிடப் பிந்திய நேரம். காலை வணக்கப் பூங்கொத்துப் படத்தை முதலில் அனுப்புகிறவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருப்பார். அவரை எப்படி நிறுத்துவது என்பதற்கு என்னிடம் குறிப்பு இல்லை.

10. மாணவிகளின் ஃபோன் எண் குரூப்பில் எல்லார் கண்ணிலும் படும் என்பதைப் பல ஆசிரியர்கள் யோசிப்பதே இல்லை. அறிவிப்பு மட்டும் போதுமென்றால் வாட்ஸ்அப் சேனல் வையுங்கள். சேர்ந்தவரின் எண் இன்னொருவருக்குத் தெரியாது. பேச்சும் விவாதமும் வேண்டும், அதனால் குரூப்தான் வேண்டும் என்றால், சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒருத்தி வேண்டாம் என்றால் காரணம் கேட்க வேண்டாம். அவளுக்குத் தோழி மூலம் பாடம் போய்ச் சேர வழி பண்ணுங்கள். தனிநபர் தரவுக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்தாயிற்று. சட்டத்துக்கு முன்பும் இது மரியாதைதான்.

11. ஆசிரியரும் தன் சொந்த எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளட்டும். இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, "நாளை காலை பதில் சொல்கிறேன்" என்று தானாகப் போகும் செய்தியை எழுதி வைத்துவிட்டால் ராத்திரிச் சமையல் தீயாது.

12. மதிப்பெண்ணைக் குரூப்பில் போடாதீர்கள். தேர்வில் தோற்றவன் பெயரை வேறு ஏதோ காரணம் சொல்லியும் போடாதீர்கள்.

13. தமிழில் தட்டச்சு. பழைய ஆள் வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்துவைத்த கோப்பைக் குரூப்பில் போட்டால் பிள்ளையின் ஃபோனில் கிறுக்கலாக நிற்கும். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிறு உட்கார்ந்து எல்லாப் பழைய கோப்புகளையும் மாற்றிவிடுங்கள். இனி அடிப்பதற்கு, 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 பலகை நல்லது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். அது வராதவருக்குக் குரல் தட்டச்சு. ஆனால் ஃபேனை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

14. எங்கள் வகுப்புகளில் வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இந்தியில் பேசிக்கொள்ளும். கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினாலும், பதிலைக் குரல் பதிவாக எந்த மொழியிலும் அனுப்பலாம் என்று விடுங்கள். வாய் திறக்காத பிள்ளை அன்றைக்குப் பேசும். அந்த மொழி உங்களுக்குப் புரியாதா? பக்கத்து மேஜை ஆசிரியரை வைத்துக் கேளுங்கள். கல்லூரிக்குள் பாதிப் பேர் பாதிப் பேரோடு பேசாத நோய்க்கும் இது கைவைத்தியம்.

15. மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளின் பெயரைக் கேட்டாலே ஓடுகிறவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். அதை உருவாக்கி 2002-இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. சிறுவயதில் வானொலி வழிப் பள்ளியில்தான் படித்தார். அதாவது, இந்தக் கருவி நகரத்து ஏ.சி. அறையில் தோன்றிய யோசனை இல்லை, டவர் எட்டாத ஊர்க்காரன் செய்தது. கதை கேட்டபின் பாதிப் பேர் உள்ளே வந்து பார்ப்பார்கள். பார்த்தால், வீட்டுப்பாடத்தை ஒரே இடத்தில் சேர்க்க வாட்ஸ்அப்பைவிட அது எவ்வளவு மேல் என்பது தெரியும். நூறு பிள்ளைகள் நூறு பிடிஎஃப்பைக் குரூப்பில் கொட்டினால் எதை யார் அனுப்பினார் என்று பொறுக்குவது, கொட்டிய கடுகைப் பொறுக்குவது மாதிரி.

16. ஊறுகாயை ஒரே ஜாடியில் போடாதீர்கள். ஆர்குட் 2014-இல் மூடியது. ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018-இலும், எட்மோடோ 2022-இலும் போய்ச் சேர்ந்தன. டிக்டாக்கில் பாடம் நடத்தியவர்களுக்கு 2020 ஜூன் 29-ஆம் தேதி ஒரே ராத்திரியில் வகுப்பறை மறைந்தது. கூகுள் ஜாம்போர்டு 2024 டிசம்பரோடு சரி. பயிற்சியில் "இந்த ஆப்" என்று பழக்குவதைவிட "படம் அனுப்பிக் கேள்வி கேட்பது", "பிள்ளைகளே சேர்ந்து எழுதுவது" என்று வேலையைப் பழக்கினால், கருவி போனாலும் கை நிற்கும். பாடக் கோப்பு எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி. கடற்கரைக் காற்றில் பென் டிரைவும் துருப்பிடிக்கும், இறுக மூடின டப்பாவில் வையுங்கள்.

17. பென் டிரைவ் என்றதும் நினைவுக்கு வருகிறது. லைன் மோசமான வாரத்தில் பாடத்தைப் பென் டிரைவில் ஏற்றி, கப்பலில் ஊருக்குப் போகும் மாணவனிடம் கொடுத்துவிடுங்கள். ஃபோனில் நேராகச் செருகும் ஓடிஜி வகை வாங்கினால் கணினி இல்லாத வீட்டிலும் திறக்கும். இதைக் கேட்டு மெயின்லேண்ட் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கேபிள் அறுந்ததில்லை போலும்.

18. கல்லூரி நூலகத்தில் வைஃபை இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை "இறக்கிக்கொள்ளும் நேரம்" என்று ஒன்று வையுங்கள். அடுத்த வாரத்துப் பாடம் எல்லாம் பிள்ளைகள் ஃபோனில் இறங்கிவிடும். இதற்கு மேல் நிர்வாகத்திடம் கேட்கத் துணிந்தால் இலங்கையைக் காட்டுங்கள். 2020 ஊரடங்கின்போது அங்கே பல்கலைக்கழகங்களின் பொது வலைப்பின்னலான லேர்ன் வழியாக நடந்த வகுப்புகளுக்கு மாணவரின் டேட்டா கழியாமலிருக்கத் தொலைபேசி நிறுவனங்களோடு ஏற்பாடு செய்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் அதில்தான் படித்தது. தீவுக்குத் தீவு கேட்டுக்கொள்வதில் வெட்கமென்ன?

19. விக்கிப்பீடியாவில் எழுதச் சொல்லி மாணவருக்கு வேலை கொடுப்பது அருமையான யோசனை, தவறாகச் செய்தால் அவமானம். 2011-இல் புனேயில் சில கல்லூரிகளில் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கல்வித் திட்டம் தொடங்கியது. மாணவர்கள் பாடப்புத்தகத்திலிருந்தும் வலைத்தளங்களிலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் துடைத்துத் துடைத்துக் களைத்தார்கள். அந்த வருஷமே திட்டம் நின்றது. பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எது நகல், எது சொந்தச் சொல் என்று ஆசிரியரே பழகாமல் மாணவரை அனுப்பினால் இதுதான் நடக்கும். எனவே ஆசிரியர் முதலில் தன் பெயரில் கணக்குத் தொடங்கி மூன்று பத்தி எழுதட்டும். யாராவது ஒருவர் வந்து அதை அழிப்பார். அந்தச் சூடு பட்டபின் மாணவரிடம் போகட்டும். எங்களவர் ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊர்ப் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்து, அது மேற்கோள் இல்லையென்று நீக்கப்பட்டு, இரண்டு நாள் பேசாமலிருந்தார். மூன்றாம் நாள் நூலகத்தில் புத்தகம் தேடிக்கொண்டிருந்தார்! பயிற்சி என்று நான் சொல்வது அந்த மூன்றாம் நாளைத்தான்.

20. முழுப் புத்தகத்தைப் பிடிஎஃப்பாகக் குரூப்பில் தள்ளும் பழக்கத்தை நிறுத்துங்கள். பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது குறித்து டெல்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில், டெல்லிப் பல்கலைக்கழக நகல் கடை வழக்கில், கற்பித்தலுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. கற்பிக்கும்போது நகலெடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்குத்தான் அதற்கு அடிப்படை. அதை முழு நூலையும் ஊருக்கெல்லாம் விடுவதற்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டிய பக்கங்கள், நூலின் பெயர், ஆசிரியர் பெயர். அவ்வளவுதான்.

21. எங்கள் தீவுக்கென்றே ஒரு பாடம், வேறெந்தப் பயிற்சி நூலிலும் இருக்காது. களப்பயணம் என்று பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி அந்தமான் டிரங்க் ரோட்டில் போகும்போது, ஜிர்காடாங் செக்போஸ்ட்டுக்கு முன்பே எல்லா ஃபோனும் பைக்குள். அந்த வழியில் வாழும் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956 ஒழுங்குமுறையின்படி குற்றம்; 2012-இல் அதைத் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள். சிறை வரைக்கும் போகும். சட்டத்தைச் சொன்னால் பிள்ளைகள் பயப்படுவார்கள், "உன் வீட்டு ஜன்னல் வழியா யாராவது உன்னை எடுத்துப் போட்டா?" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். கடற்படை, விமான தளச் சுற்றுச்சுவர்ப் பக்கமும் இதே கவனம் வேண்டும். படம் எடுக்கும் செய்முறையைக் கற்றுத் தரும் ஆசிரியர், எங்கே எடுக்கக் கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

22. பூமி லேசாக அசைந்தாலே எங்கள் ஃபோன்கள் அலறும். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தவர்கள் இருக்கும் ஊர், பயம் நியாயமானது. ஆனால் "இரவு பத்து மணிக்குப் பெரிய அலை" என்று யாரோ எழுதிய ஃபார்வேர்டை வகுப்புக் குரூப்பில் போடும் முதல் ஆள் படித்த ஆசிரியராக இருக்கக் கூடாது. சுனாமி எச்சரிக்கை தருவதற்கு ஹைதராபாத்தில் இன்காயிஸ் மையம் 2007-இலிருந்து இருக்கிறது. குரூப் விதியில் ஒரு வரி சேருங்கள்: நிலநடுக்கச் செய்தி என்றால் இன்காயிஸ் அறிக்கை, அல்லது மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு, வேறெது வந்தாலும் அட்மினே அழிப்பார். ஃபார்வேர்டைச் சரிபார்ப்பது எப்படி என்பதை இந்த ஒரு உதாரணத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு உதாரணமே வேண்டாம்.

23. பயிற்சிக்கு ஆசிரியரை மட்டும் அழைக்காதீர்கள். அலுவலகக் கிளார்க், லேப் அசிஸ்டென்ட், நூலகர் எல்லாரையும் உட்காரவையுங்கள். எங்கள் மேஜையில் மிக வேகமாகப் பிடித்துக்கொண்டவர் ஒரு லேப் அசிஸ்டென்ட் அண்ணன். உப்புக் கரைசல் டைட்ரேஷனில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டை அவர் பன்னிரண்டு நொடி வீடியோவாக எடுத்திருக்கிறார். கேம்பல் பே ஃபோனிலும் திறக்கும் அளவு. பத்துப் பக்கம் எழுதினாலும் அது வராது.

24. சான்றிதழ் கொடுப்பதானால் பயிற்சி முடிந்த அன்று கொடுக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து, "உங்க வகுப்புல செஞ்ச ஒண்ணைக் காட்டுங்க" என்று கேட்டு, பார்த்தபின் கொடுங்கள். முன்பு நான் போன ஓர் இணையவழிப் பயிற்சியில் கேமராவை அணைத்துவிட்டுப் பாதிப் பேர் தூங்கினோம். கடைசிநாள் தேர்வுக்கான விடைகள் ஒரு குரூப்பில் வந்தன. நான் முதல் வகுப்பில் தேறியவள்!

25. கேலிக்கு உள்ளான ஆசிரியர் ஒருவர் மறுபடி வரவே மாட்டார். பழகும்போது தப்பாக அனுப்பிய செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சிரிக்கிற இளசுகளை முதல் வாரமே கண்டித்துவையுங்கள். தப்பாகப் போனதை "எல்லாருக்கும் நீக்கு" என்று அழிப்பதைத்தான் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். நீந்தக் கற்பவனுக்கு முதலில் கரையேறக் காட்டுவதுபோல.

26. வீட்டிலிருந்து நேரலை வகுப்பு எடுப்பவருக்கு: குக்கரை வகுப்புக்கு முன்பே இறக்கிவிடுங்கள். மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "பருப்பு மூணு விசில் போதும்டா" என்று கத்தினால் அடுத்த வாரம் வரை வகுப்பு உங்களைப் பருப்பு மேடம் என்றுதான் அழைக்கும். என்னை இன்னமும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.